எஞ்சின் அண்ணனுக்கு, பாடி தம்பிக்கு

நவம்பர் 9

வைகைச்செல்விக்குத் தை மாதம் கல்யாணம் என்று இன்று முடிவாயிற்று. மாப்பிள்ளை உத்தமபாளையம். கால்நடை ஆய்வாளர். மாட்டையே பொறுமையாகப் பிடித்து ஊசி போடுகிறவர், என் மகளையும் சமாளித்துவிடுவார் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போனதும் மகள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ரெண்டு மாமாவும் ஒண்ணா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் மணவறை ஏறுவேன். இல்லன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன்மா."

எங்கள் வழக்கம் அப்படித்தான். பெண்ணைத் தாய்மாமன்தான் மணவறைக்கு அழைத்து வர வேண்டும். இரண்டு மாமன் இருந்தால் மூத்தவர் வலக்கை, இளையவர் இடக்கை. எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. பவுன்ராஜ் அண்ணன் போடிமெட்டுக்குப் போகும் வழியில் ஏலத்தோட்டத்தில் இருக்கிறார். தம்பி மச்சக்காளை இங்கே போடியிலேயே, மூன்று தெரு தள்ளி. இருவரும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட ஒருவர் மாலை போட்டுவிட்டுப் போன பிறகுதான் மற்றவர் தெருவுக்குள் வந்தார். பிணத்துக்கே முறை வைத்துத்தான் மரியாதை.

காரணம் ஒரு ஜீப். அப்பா பட்டாள ஏலத்தில் எடுத்து, டீசல் எஞ்சின் மாற்றி, மலையெல்லாம் ஓட்டிய ஜீப். அவர் போனதும் தோட்டத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், ஜீப்பை மட்டும் இருவரும் விடவில்லை. பஞ்சாயத்து பேசவந்த பெரிய மனிதர் பசி தாங்காமல், "அப்பறம் என்னாங்கப்பா, ஆளுக்குப் பாதியா எடுத்துக்கங்க" என்று எரிந்து விழுந்தார். இவர்கள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் அண்ணனுக்கு, பாடி தம்பிக்கு. கியர் பாக்ஸ் யாருக்கு என்று தனியாக ஒரு விவாதம் நடந்தது. அது தம்பிக்குப் போனதால் ஈடாக அண்ணனுக்கு ஸ்டெப்னி டயர். எனக்கு ஒரு சேலையும், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு பேனாவும் கொடுத்தார்கள். பேனாவை அப்புறம் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மகளின் திட்டம் இது: தாத்தாவின் ஜீப்பில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று அடம் பிடிப்பது. எஞ்சினும் பாடியும் சேர வேண்டுமென்றால் ஆட்களும் சேர்ந்துதானே ஆக வேண்டும். மதுரையில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்சாக இருக்கிறாள். கட்டுப் போட்டால் எல்லாம் கூடிவிடும் என்று நினைக்கிறாள்.

நவம்பர் 12

காலையில் மலையேறி அண்ணன் தோட்டத்துக்குப் போனேன்.

"எஞ்சினத் தர்றேன்த்தா. வேலயும் பாத்துக் குடுக்குறேன். ஆனா அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

மாலையில் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"பாடி இருக்குக்கா, எடுத்துக்க. வேலயும் நானே செய்யிறேன். அந்தாளு நெழலு எம்மேல படக்கூடாது."

இந்த இரண்டு பேரை வைத்து ஒரு வண்டி. நல்ல காலம் பொறக்குது.

நவம்பர் 17

பாடி வந்து சேர்ந்தது. டிராக்டரில் ஏற்றி, கோழிகளோடு. இத்தனை வருடமாக அது தம்பி வீட்டுக் கோழிக்கூடாக இருந்திருக்கிறது. ஓட்டுகிறவர் இருக்கையில் ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது, என்னை முறைத்தது.

"வண்டி கல்யாணத்துக்கு. கோழி எனக்கு" என்றான் தம்பி. பாகம் பிரிக்காமல் இவர்களுக்கு ஒரு வாக்கியம் பேச வராது.

தரைத் தகட்டில் கை வைத்தால் அப்பளமாக நொறுங்குகிறது.

நவம்பர் 18

எஞ்சினும் வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததாம். வாசல் முழுக்க இரும்பு. கோலம் போட இடமில்லை, என் வீட்டில் நான் நிற்கவே இடமில்லை.

நவம்பர் 25

முறை வைத்தாயிற்று. அண்ணன் தோட்டத்திலிருந்து காலையில் இறங்கி வந்து மதியச் சாப்பாடு வரை வேலை பார்ப்பார். தம்பி ஏலக்காய் ஸ்டோர் வேலை முடிந்து நாலு மணிக்கு வருவான். நடுவில் ஒருவர் போய் மற்றவர் வரும் இடைவெளியில் நான் தூங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைப்புதான்.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இருநூறு பிள்ளைகளுக்கு அள்ளிப் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எவ்வளவோ தேவலாம். அண்ணனுக்கு உப்புக் குறைய வேண்டும், தம்பிக்கு உப்புத் தூக்கலாக வேண்டும். குழம்பிலும் பாகப்பிரிவினை.

டிசம்பர் 3

"இந்த நட்ட யாருத்தா இம்புட்டு இறுக்குனது?" என்றார் அண்ணன்.

"எனக்கென்னண்ணே தெரியும். பேய் வந்து இறுக்கியிருக்கும்."

"அப்ப அந்தப் பேய்கிட்ட சொல்லு, மரை போயிரும்னு."

மாலையில் பேயிடம் சொன்னேன். பேய் சொன்னது: "அந்தாளுகிட்ட சொல்லுக்கா, அவரு தளர்வா விட்டா ஓடுற வண்டியில சக்கரம் தனியாப் போகும்னு."

காலையில் அண்ணன் தளர்த்துகிறார். மாலையில் தம்பி இறுக்குகிறான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரே ஒரு நட்டு இந்த வாரத்தில் எத்தனை முறை சுற்றியிருக்கும் என்று கணக்குப் பார்த்தால் அது நடந்தே உத்தமபாளையம் போயிருக்கும்.

டிசம்பர் 8

மழை. என் புதுத் தார்ப்பாய் ஜீப்புக்கு. ஒழுகுகிற சமையலறைக்கு வாளி.

டிசம்பர் 11

இன்று அண்ணன் பலகையில் சின்னச் சக்கரம் அடித்துக் கொண்டு வந்தார். அதில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் உருண்டு போகலாமாம். ஈரத் தரையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று தனக்காகச் செய்ததாகச் சொன்னார்.

அண்ணன் என் தோள் உயரம். பலகை அவர் உயரத்தைவிட இரண்டு சாண் நீளம். தம்பிதான் நெடுமரம். கணக்குத் தெரியாதவள் இல்லை நான், ஆனால் கேட்டு வைத்தால் பலகையையும் மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவார். போகும்போது மறந்து வைத்துவிட்டுப் போனார். மாலையில் தம்பி அதில் படுத்து உருண்டு பார்த்துவிட்டு, "இத யாரு செஞ்சது?" என்றான். "பேய்" என்றேன். மறுபடி வண்டிக்கு அடியில் உருண்டு போனான்.

டிசம்பர் 15

பிரேக்கில் காற்றுப் பிடித்திருக்கிறதாம். அதை எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்து நட்டைத் திறக்க வேண்டும். மிதிக்க ஆள் யார்? வேறு யார் இருக்கிறார்கள், நான்தான். காலையில் அண்ணனுக்கு மிதித்தேன். அவருடைய வேலை சரியில்லை என்று மாலையில் தம்பிக்கும் மிதித்தேன். அவனே கிளட்சையும் மிதிக்கச் சொன்னான், கியரையும் போட்டுப் பார்க்கச் சொன்னான்.

அப்பா இருந்தவரை அந்த இருக்கையில் என்னை உட்கார விட்டதில்லை. பொம்பளப் பிள்ளை பின்னால்தான். ஸ்டியரிங் நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. தம்பி வீட்டுக்குப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இடுப்பு வலி, எழுந்திருக்க முடியவில்லை.

டிசம்பர் 21

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எஞ்சினைப் பாடியில் இறக்கும் நாள். மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நட்டு, சங்கிலி மாட்டித் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். ஒருவர் சங்கிலியை விட, ஒருவர் கை கொடுத்துத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் வேலை. "மச்சக்காளையக் கூப்புடவாண்ணே?" என்றேன். "எந்த மச்சக்காளை?" என்றார்.

காலையில் அண்ணன் தனியாகத் தூக்கினார். தலைக்கு மேல் போனதும் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கையைக் கழுவினார், சாப்பிட்டார், போய்விட்டார். எஞ்சின் அந்தரத்தில் தொங்குகிறது. நாலு மணிக்குத் தம்பி வரும்வரை நான் முக்காலிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "என்னாக்கா, திரிசங்கு சொர்க்கமா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

தம்பி வந்தான். அண்ணாந்து பார்த்தான். சங்கிலியைச் சோதித்தான். "கொக்கியெல்லாம் நல்லாத்தான் மாட்டியிருக்காரு" என்று தனக்குள் சொன்னான். என் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டான். நானும் லீவில் வந்திருந்த வைகையும் தள்ளிப் பிடிக்க, அவன் சங்கிலியை விட, எஞ்சின் உட்கார்ந்தது. என் வளையல் இரண்டு போயிற்று.

டிசம்பர் 28

அண்ணன் பச்சைப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார். அப்பா காலத்துப் பச்சையாம். தம்பி நீலம் என்கிறான். அதுவும் அப்பா காலத்து நீலமாம். எனக்குத் தெரிந்து அப்பா காலத்தில் அது புழுதி நிறம், கழுவியதே கிடையாது. வைகை போய் மாம்பழ மஞ்சளில் இரண்டு டப்பா வாங்கி வந்துவிட்டாள்.

ஜனவரி 6

எஞ்சின் எடுத்தது.

அண்ணன் முறையில்தான். சாவியைத் திருப்பினார். முதலில் இருமல், பிறகு வீடு முழுக்கக் கரும்புகை, பிறகு அந்தச் சத்தம். அப்பா தெருமுனையில் திரும்பும்போது கேட்கும் அதே சத்தம். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கும் கண் கரித்தது. புகை.

சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்டிருக்கிறது. தம்பி வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான், அண்ணன் இருக்கும் நேரம் என்பதையே மறந்து. வாசலில் இருவரும் நேருக்கு நேர். மூன்று அடி இடைவெளி.

சண்டை ஆரம்பித்தது. ஆனால் இருவரும் என்னிடம்தான் போட்டார்கள்.

"செண்பகம், கல்யாணத்தன்னைக்கி வண்டிய யாரு ஓட்டுறதுன்னு அவன்கிட்ட கேளு. எஞ்சினு என்னுது."

"ஏக்கா, எஞ்சின வச்சுக்கிட்டு தண்ணிதான் எறச்சாரு, எங்கிட்டாவது போனாரான்னு கேளு. சக்கரம் என்னுது. நாந்தான் ஓட்டுவேன்."

"அவன் ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்னு சொல்லு."

"அந்தாளு ஓட்டுனா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்னு சொல்லுக்கா."

நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. தேவையும் இல்லை, தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். எஞ்சின் மட்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. வைகைதான் ஒரு குமிழை இழுத்து நிறுத்தினாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 7

யாரும் வரவில்லை.

ஜனவரி 15

பொங்கல். வருடா வருடம் அண்ணன் காலையிலும் தம்பி மாலையிலும் பொங்கல் சீர் கொண்டு வருவார்கள். இரண்டு கரும்புக் கட்டு, இரண்டு வெல்லம், இரண்டு சேலை. அந்த வகையில் அவர்கள் பிரிந்திருந்தது எனக்கு லாபம் என்று சொல்லிச் சிரிப்பேன்.

இந்த வருடம் இரண்டு பேருமே வரவில்லை. அவர் பக்கம் பேசினால் இவன் கோபிப்பான், இவன் பக்கம் பேசினால் அவர் கோபிப்பார். யார் பக்கமும் பேசாததற்கு இருவரும் சேர்ந்து என்னைத் தண்டித்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. எனக்கு வலித்தது. அதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

வைகை மதுரையிலிருந்து போன் செய்தாள். "ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு என்னென்ன வேணும்னு கேட்டு வச்சிருக்கேன்மா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

ஜனவரி 18

அண்ணன் ஸ்பேனர் பையோடு வந்தார். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார். முதல் நட்டைத் தளர்த்தியும் விட்டார்.

நான் தடுக்கவில்லை. காப்பி போட்டுக் கொண்டு வந்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"தாராளமாக் கழட்டிக்கங்கண்ணே. அன்னைக்கு நீங்க எல்லாத்தையும் பிரிச்சப்ப நான் வாயத் தொறக்கல. ஏன்னு தெரியுமா? எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பின்னு ரெண்டு பங்கு இருக்கு, அது போதும்னு நெனச்சேன். அதயும் நீங்க ரெண்டு பேருமே பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டீக."

அண்ணன் காப்பியைக் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆடை படிந்துவிட்டது. பிறகு எழுந்து போய், தளர்த்திய நட்டை மறுபடி இறுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே கிளம்பினார்.

மாலையில் தம்பி தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்தான். கழற்றியாகிவிட்டதா என்று பார்க்க வந்திருக்கிறான். அவனிடமும் அதே வார்த்தையைச் சொன்னேன். ஒரே சமையல்தானே, இரண்டு தட்டில் வைப்பது எனக்குப் புதிதா.

"அந்தாளு என்ன பண்ணுனாரு?"

"நட்ட இறுக்கிட்டுப் போயிட்டாரு."

போய்த் தொட்டுப் பார்த்தான். "சரியாத்தான் இறுக்கியிருக்காரு" என்றான். 'அந்தாளு' இல்லாமல் சொன்னான். பிறகு பெயின்ட் பிரஷ்ஷை எடுத்தான்.

ஜனவரி 23

மறுபடியும் முறை வைத்து வருகிறார்கள். மஞ்சள் அடித்து முடிந்தது, சீட்டுக்கு உறை போட்டாயிற்று. ஒருவர் அடித்ததை ஒருவர் சுரண்டவில்லை.

யார் ஓட்டுவது என்பதற்கும் தீர்வு வந்துவிட்டது. என் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அண்ணன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரை தம்பி. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பைக்கில் பின்னால் வருவார். அறுபது வயதுக்கு மேல் ஒருவருக்கும் அதை நெருங்கிய ஒருவருக்கும் வந்த அறிவு இது. சாலையையும் பாதியாக வெட்டிவிட்டார்கள்.

வைகையிடம் சொன்னேன். "ஒண்ணா வரணும்னு சொன்னதுக்கு இதுவாம்மா?" என்றாள். கிடைத்த வரைக்கும் லாபம் என்றேன். கேட்டதைப் பாதி வாங்கிக்கொண்டு திருப்தி அடைவது என் பழக்கம், அவளுக்கு அந்தப் பழக்கம் வராமல் இருந்தால் நல்லது.

ஜனவரி 28

நாளை முகூர்த்தம். உறவுக்காரர்கள், பந்தல்காரர், பூக்காரி. ஜீப்புக்கு வாழைத் தோரணம் கட்டினேன். எழுத நேரமில்லை.

ஜனவரி 30

நேற்று எழுத முடியவில்லை. இன்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் முந்தின நாள் விஷயம். தோரணம் கட்ட வெளிச்சம் போதவில்லை என்று ஜீப்பின் லைட்டைப் போட்டேன். பேட்டரி பழசு, லைட்டை அணைக்க மறந்தால் காலையில் செல்ஃப் எடுக்காது என்று அண்ணன் எச்சரித்திருந்தார். தம்பியும் தனியாக எச்சரித்திருந்தான். அதனால் நான் ஒன்றையும் மறக்கவில்லை, அணைக்கவும் இல்லை.

காலையில் எல்லாரையும் வேனில் முன்னால் அனுப்பியாயிற்று. வீட்டில் வைகை, நான், ஸ்டியரிங்கில் அண்ணன், கேட்டுக்கு வெளியே பைக்கில் தம்பி. அண்ணன் சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. மறுபடி 'டக்'. அதோடு சரி. பொழுது விடிந்துகொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

"தள்ளித்தான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கித் தனியாகத் தள்ளினார். பட்டாளத்து ஜீப். அறுபத்தைந்து வயது ஆள். ஒரு அங்குலம்கூட நகரவில்லை. தம்பி பைக்கில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வைகை பட்டுச்சேலையோடு முன் சீட்டில் இருந்து திரும்பினாள். "மாமா!" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

தம்பி பைக்கைச் சாய்த்துவிட்டு வந்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். அண்ணனுக்குப் பக்கத்தில் கை வைத்தான். இரண்டு பேரும் பின்னால் நின்றால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? வேறு யார் இருக்கிறார்கள்.

சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்தேன், இரண்டாவது கியரைப் போட்டேன். வண்டி அசைந்தது.

"தள்ளுடா!"

"தள்ளிக்கிட்டுத்தான்ணே இருக்கேன்! நீங்கதான் சும்மா கைய வச்சிருக்கீக!"

அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்தது அப்படித்தான் திறந்தது. மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடிப்பு என்று நான் எதையெதையோ கற்பனை செய்து வைத்திருந்தேன். வைகை என் கையைப் பிடித்தாள். "அண்ணேன்னு சொன்னாரும்மா" என்றாள். எனக்கும் கேட்டது.

எங்கள் தெரு கீழ்நோக்கிச் சரியும். வண்டி வேகம் எடுத்தது. "கிளட்ச்ச விடு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். விட்டேன். வண்டி ஒரு குதி குதித்தது, புகை கக்கியது, எடுத்துக்கொண்டது.

"நிப்பாட்டு செண்பகம்! நாங்க ஏறணும்!"

நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும். அது ஒரு காரணம்.

கண்ணாடியில் பார்த்தேன். புகைக்குள் இரண்டு கிழவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். அண்ணனுக்குக் கால் இடறியது. தம்பி முழங்கையைப் பிடித்துத் தூக்கினான், பிடித்த கையை விடாமலே ஓடி வந்தான். நான் நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு வந்தது, போயிற்று. அங்கே யாரும் யாருக்கும் ஸ்டியரிங்கை மாற்றிக் கொடுக்கவில்லை. மண்டப வாசலில் கொட்டியிருந்த மணலில் ஏறி வண்டி தானாகவே நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்து நின்றார்கள்.

சற்று நேரத்தில் ஒரு ஆட்டோ வந்தது. ஒரே ஆட்டோ. உள்ளேயிருந்து சண்டைச் சத்தம்.

"லைட்ட அணைச்சியாடா நீ?"

"நான் போடவே இல்லண்ணே! நீங்கதான் போட்டுருப்பீக!"

அப்படியே இறங்கி வந்து, ஒருவர் வைகையின் வலக்கையைப் பிடித்தார், ஒருவன் இடக்கையைப் பிடித்தான். மணவறை வரைக்கும் அவள் தலைக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டே கூட்டிப் போனார்கள். மேளக்காரர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். இவர்களும் கூட்டினார்கள். வைகை சிரித்துக்கொண்டே போனாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன், யாரிடமும் மறைக்கவில்லை.

இன்று காலை இருவரும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள். முதல் முறையாக ஒரே நேரத்தில், அதுவும் விசாரணைக்கு. லைட்டை யார் அணைக்காமல் விட்டது என்று கேட்டார்கள். கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் வந்து போவார்கள், நான் எவரையென்று சொல்ல என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பு ஒன்றுதான் வைத்திருந்தேன்.